இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலை விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் பள்ளி வேன் மீது மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அன்றே கேட் கீப்பர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார், கைதும் செய்யப்பட்டார். கேட்டை மூடாமலே மூடிவிட்டதாகச் சொன்னது நிரூபணமானால் அவர் தண்டனை பெறத்தான் வேண்டும். ஆனால் கேட் திறந்து கிடக்கும்போது ரயில் எப்படி வர முடிந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கேட் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல.

170-ஆம் எண் கொண்ட அந்த கேட், விபத்து நடந்தபோது இன்டர்லாக்கிங் (கேட் மூடினால்தான் சிக்னல் பச்சையாகும்படி இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு) செய்யப்படாதது. இத்தகைய கேட்டில் வேலை நடக்கும் விதம் இதுதான்: ஸ்டேஷன் மாஸ்டர் போனில் அழைத்து ரயில் வரும் தகவலைச் சொல்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடமுள்ள தாளில் அடுத்ததாக இருக்கும் இரண்டு இலக்க 'பிரைவேட் நம்பரை'ச் சொல்வார். அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலை அனுப்புவார். நம்பரைச் சொன்னவர் கேட்டை உண்மையிலேயே மூடினாரா என்பதை ஸ்டேஷன் மாஸ்டரால் பார்க்க முடியாது. சிக்னலுக்கும் அது தெரியாது. ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டுக்குத் தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் வேகமாக வரும் ரயில் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

தவறு நுழையும் இடமும் இதுவே. ரயில் வர இன்னும் பத்து நிமிடம் இருக்கும். கேட்டின் இருபுறமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். 'நம்பரை இப்போது சொல்லிவிடுவோம், கேட்டைக் கடைசியில் மூடிக்கொள்ளலாம்' என்ற பழக்கம் அங்கேதான் தொற்றிக்கொள்கிறது. நூறு நாள் அப்படிச் செய்தும் ஒன்றும் ஆகாமல் போகலாம். நூற்றியோராவது நாள் கண் அசந்தால் போதும்.

இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில் இதற்கு வழியே இல்லை. கேட்டின் தடுப்புக் கம்பம் கீழே இறங்கிப் பூட்டிய பிறகுதான் சாவி விடுபடும்; அதன் பிறகுதான் சிக்னல் பச்சைக்கு மாறும். சிக்னலைச் சிவப்புக்குத் திருப்பாமல் கேட்டைத் திறக்கவும் முடியாது. லாரி மோதிக் கம்பம் உடைந்தால் கேட் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். லோகோ பைலட் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்று, கேட் கீப்பர் கை சிக்னல் காட்டியபின் மெல்ல நகர்ந்து கடப்பார். ரயில் தாமதமாகும், அவ்வளவுதான்.

விபத்துக்கு மறுநாள் ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் 11 அம்ச உத்தரவை அறிவித்தார். எல்லா லெவல் கிராசிங்குகளிலும் சிசிடிவி பொருத்துவது, கேட் - ஸ்டேஷன் பேச்சுப் பதிவுகளைக் கோட்ட மேலாளர்கள் தினமும் கேட்டுப் பார்ப்பது, 15 நாள் சிறப்பு ஆய்வு என்று அது போகிறது. இவை தேவையானவையே. ஆனால் வாய்ஸ் லாகரில் பதிவாவது நம்பர் சொன்ன குரல்தான். கேட் மூடியதா என்பது அதில் இருக்காது. சிசிடிவி, நடந்து முடிந்ததைக் காட்டும். இரண்டும் ஊழியரைக் கண்காணிக்கின்றன, ரயிலை நிறுத்துவதில்லை.

அந்த 11 அம்சங்களில் உண்மையில் கனமானது ஒன்றுதான். இன்டர்லாக்கிங் செய்வதற்கான வரம்பு 20,000 டிவியூ-விலிருந்து 10,000 டிவியூ ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பது டிவியூ. 20 ரயில்களும் 450 வண்டிகளும் கடக்கும் கேட்டுக்கு 9,000 டிவியூ. புதிய வரம்பிலும் அந்த கேட் விடுபட்டுவிடும். இந்தக் கணக்கில் சரக்கு லாரியும் ஒரு யூனிட், குழந்தைகள் நிறைந்த பள்ளி வேனும் ஒரு யூனிட். வண்டிக் கணக்கெடுப்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏழு நாள் நடத்த வேண்டும் என்பது விதி. இடைப்பட்ட காலத்தில் பக்கத்தில் ஒரு பள்ளியோ தொழிற்சாலையோ வந்துவிட்டால், பழைய எண்ணை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். பள்ளி வாகனங்கள் தினமும் கடக்கும் கேட்டுக்கு டிவியூ பார்க்காமலே இன்டர்லாக்கிங் என்று ஒரு வரி சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும்.

இனி வேலை நேரம். பொதுவிவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1989 ரயில்வே சட்டத்தின் 130-ஆம் பிரிவு ஊழியர்களை 'தொடர் பணி', 'விட்டுவிட்டு நடக்கும் பணி' என்றெல்லாம் வகைப்படுத்துகிறது. 12 மணி நேரப் பணியில் பாதியோ அதற்கு மேலோ வேலையின்றி இருக்கும் நேரம் என்று கணக்கிட்டால், அது இரண்டாம் வகை. பல கேட் கீப்பர்கள் இந்த வகையில்தான் வருகிறார்கள். விளைவு, 12 மணி நேர ஷிஃப்ட். வாரத்தில் ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். ரயில் இல்லாத இடைவெளியை 'வேலையில்லா நேரம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த நேரத்திலும் போன் மணிக்குக் காது கொடுத்தபடியே இருக்க வேண்டும். இரவு மூன்று மணிக்குத் தனியாக அப்படி விழித்திருப்பது ஓய்வு ஆகாது.

இந்த வகைப்பாடு மாற்ற முடியாததும் அல்ல. ஒரு கேட்டில் தொடர்ந்து மூன்று நாள் நேரில் கவனித்து நிமிடக் கணக்கில் பதிவு செய்யும் வேலை ஆய்வு நடத்தி, 'தொடர் பணி' என்று மாற்றினால் எட்டு மணி நேர ஷிஃப்ட் வரும். இரண்டு பேர் பார்த்த கேட்டுக்கு மூன்று பேர் வேண்டும். வார ஓய்வுக்கும் விடுப்புக்கும் மாற்று ஆள் தனி. ஆட்களை எடுக்காமல் இதைச் செய்ய முடியாது என்பதால்தான் கோப்பு நகர்வதில்லை என்பது என் கணிப்பு. வகைப்பாட்டில் குறை இருந்தால் மத்திய அரசின் மண்டல தொழிலாளர் ஆணையரிடம் முறையிடலாம் என்று ரயில்வே ஊழியர்களின் வேலை நேரம், ஓய்வு பற்றிய 2005-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தனி கேட்டில் தனியாகப் பணிபுரியும் ஒருவர் இதைத் தாமாகச் செய்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது. நிர்வாகமே எல்லா கேட்டிலும் மறு ஆய்வு நடத்த வேண்டும்.

லோகோ பைலட்டுகளின் நிலையும் இதே கதைதான். 2018-க்குப் பிறகு உதவி லோகோ பைலட் பணிக்கு அடுத்த அறிவிப்பு 2024 ஜனவரியில்தான் வந்தது, 5,696 இடங்களுக்கு. அதே ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ரங்காபானியில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதிய பிறகு, எண்ணிக்கை 18,799 ஆக உயர்ந்தது. ஐந்தே மாதத்தில் தேவை மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருக்க முடியாது. முதலில் கணக்கிட்டவர்கள் யார், எந்த அடிப்படையில் என்று யாரும் கேட்கவில்லை. ரங்காபானியில் இறந்த சரக்கு ரயில் லோகோ பைலட் மீது சில மணி நேரத்திலேயே பழி போடப்பட்டது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையோ, சிக்னல் பழுதானபோது எப்படி ஓட்டுவது என்று ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியும் விளக்கமும் தரப்படவில்லை என்று பல மட்டங்களில் குறை கண்டது. அந்த ஆணையர் ரயில்வேக்குக் கட்டுப்படாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பதன் பயன் இதுதான். அவருடைய ஒவ்வொரு அறிக்கையும் பரிந்துரைகளுடன் முழுமையாக வெளியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் மொழியும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. 2019 மே மாதம் திருமங்கலம் - கள்ளிக்குடி இடையே ஒரே பாதையில் எதிரெதிராக இரண்டு ரயில்கள் அனுப்பப்பட்டபோது, ஸ்டேஷன் மாஸ்டர்கள் இடையே தகவல் சரியாகப் புரியாததே காரணமாகப் பேசப்பட்டது. அதற்குத் தீர்வாக ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே பேச வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். கேட்டில் நிற்பவர் ஸ்டேஷன் மாஸ்டருடன் மட்டுமல்ல, வேன் ஓட்டுநரிடமும் டிராக்டர் ஓட்டுபவரிடமும் பேச வேண்டும். எந்த மாநிலத்தவர் என்பது எனக்குப் பொருட்டில்லை. உள்ளூர் மொழியில் பேசிப் புரியவைக்கத் தெரியும் என்று தேர்வு வைத்த பிறகே தனியாக கேட்டில் அமர்த்த வேண்டும்.

செம்மங்குப்பத்தில் சுரங்கப்பாதை கட்ட ஓராண்டாக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி கிடைக்கவில்லை என்று தெற்கு ரயில்வே விபத்தன்று சொன்னது. அப்படியானால், அந்த ஓராண்டும் இன்டர்லாக்கிங் செய்யத் தடையாக இருந்தது எது? சுரங்கப்பாதை வரப்போகிறது என்பதால் கேட்டுக்குச் செலவு செய்யாமல் விட்டுவைக்கும் போக்கு வேறு எத்தனை இடங்களில் இருக்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே தகவல்களை வெளியிடச் சொல்கிறது. சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் ஆகிய ஆறு கோட்டங்களும் கேட் வாரியாக ஒரு பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் போடட்டும்: கேட் எண், கடைசியாக எண்ணிய டிவியூவும் தேதியும், இன்டர்லாக்கிங் உண்டா, இல்லையென்றால் எந்த மாதத்துக்குள், எட்டு மணி ஷிஃப்ட்டா பன்னிரண்டா, காலியிடம் எத்தனை, சுரங்கப்பாதைக் கோப்பு எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொறுப்பான அதிகாரியின் பதவிப் பெயரும் இருக்கட்டும்.

- வாசகர், விருத்தாசலம்