எல்லா டிரைவையும் எக்ஸ்ஃபேட் ஆக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், ஹார்டு டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷனுக்கு (பிரித்து வைத்த பகுதிக்கு) எந்த ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறை) என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்று வகைக் கணினியிலும் திறக்கும், ஆகவே சி டிரைவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து அதற்கு மாற்றிவிடலாம் என்பதுதான் அதன் சாரம். நாங்கள் கும்பகோணத்தில் ஸ்டுடியோ நடத்துகிறோம். கேமரா என் கணவர் பொறுப்பு, எடிட்டிங் என் பொறுப்பு. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் எங்கள் தொழிலில் பலரும் டிஸ்க்குகளை ஒழுங்குபடுத்துவது இந்த மாதத்தில்தான். யாராவது கட்டுரையை நம்பி அப்படியே செய்துவிடப் போகிறார்களே என்று இதை எழுதுகிறேன்.

எக்ஸ்ஃபேட் மோசமானது என்று சொல்ல வரவில்லை. கைமாறிக்கொண்டே இருக்கும் டிரைவுக்கு அதைவிட நல்லது இல்லை. எங்களுக்கு ஆல்பம் வடிவமைத்துத் தருபவர் மேக் வைத்திருக்கிறார். விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்.டி.எஃப்.எஸ். உள்ள டிரைவைக் கொடுத்தால் மேக் அதைப் படிக்கும், ஆனால் தனி மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. முடித்த ஆல்பத்தை அதிலேயே போட்டுத் திருப்பி அனுப்ப அவரால் முடியாது. எனவே அவருக்குப் போகும் டிரைவ் மட்டும் எக்ஸ்ஃபேட். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்.டி. கார்டுகளுக்கும் அதுதான் விதித்த ஃபார்மட். அதற்கு முந்தைய ஃபைல் சிஸ்டமான ஃபேட்32 உள்ள கார்டுகளில் எந்தக் கோப்பும் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கேமரா அந்த இடத்தில் கோப்பை வெட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்கும். கெட்டிமேளம் ஒரு கோப்பில் பாதி, இன்னொன்றில் மீதி என்று கிடக்கும். பழைய எடிட்டர்களைக் கேட்டுப் பாருங்கள், புலம்பித் தீர்ப்பார்கள்.

ஆனால் ஆண்டுக்கணக்கில் பிறர் வீட்டுக் கல்யாணங்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் வேறு விஷயம். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மளிகைக் கடையில் முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார்களே, அதுதான் ஜர்னல். பேரேட்டில் எழுதும்போது பாதியில் விளக்கு அணைந்தாலும் சிட்டையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். 1993இல் வந்த என்.டி.எஃப்.எஸ்.ஸில் இது ஆரம்பத்திலிருந்தே உண்டு. லினக்ஸில் பயன்படும் இஎக்ஸ்டி4இலும் உண்டு. எக்ஸ்ஃபேட்டில் நேராகப் பேரேடுதான், அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேடு, அதுவும் பொதுவாக ஒரே பிரதி. பழைய ஃபேட்32 கூட அதை இரண்டு பிரதியாக வைத்திருந்தது.

எங்கள் பக்கத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யு.பி.எஸ். பேட்டரி பழசாகிவிட்டால் அதுவும் கைவிட்டுவிடும். பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவர், அப்படி நகலெடுக்கும்போது கரண்ட் போன ஒரு எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை என்னிடம் கொண்டுவந்தார். விண்டோஸ் 'சரிபார்க்கவா' என்று கேட்டிருக்கிறது, இவரும் சரி என்றிருக்கிறார். திறந்து பார்த்தால் 'ஃபவுண்ட்.000' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'ஃபைல்0000.சிஹெச்கே', 'ஃபைல்0001.சிஹெச்கே' என்று வரிசையாகக் கோப்புகள். ஜானவாசம் எது, ஊஞ்சல் எது, யார் வீட்டுக் கல்யாணம் எது, ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிளேயரில் போட்டு முகம் பார்த்துப் பெயர் வைத்தோம். சில திறக்கவே இல்லை. என்.டி.எஃப்.எஸ்.ஸாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டிருக்கலாம். ஏற்கெனவே உள்ளே இருந்தவற்றின் பெயரும் ஃபோல்டரும் இப்படிச் சிதறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. (ஜர்னல் இருக்கிறதே என்று இரண்டாவது பிரதி எடுக்காமல் இருப்பவர்களை என்ன சொல்ல!)

இன்னொன்று, இடம். பெரிய டிரைவை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் விண்டோஸ் தானாக இடத்தை 128 கேபி துண்டுகளாகப் பிரிக்கும். 5 கேபி கோப்புக்கும் 128 கேபி போய்விடும். என்.டி.எஃப்.எஸ்.ஸில் பெரும்பாலும் 4 கேபிதான். வீடியோ மட்டும் என்றால் கவலையில்லை. எடிட்டிங் மென்பொருள் உருவாக்கும் குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் குவியும் ஃபோல்டருக்கு இது வீண் செலவு.

லினக்ஸ் பற்றியும் கட்டுரை போகிறபோக்கில் சொல்லியிருக்கிறது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபின் நிறையப் பேர் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போடுகிறார்கள். எங்கள் மகனும் ரிசப்ஷன் கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறான். லினக்ஸ் உட்காரும் பார்ட்டிஷன் இஎக்ஸ்டி4, இரண்டும் பயன்படுத்தும் டி டிரைவ் என்.டி.எஃப்.எஸ். என்று வைத்திருக்கிறோம். நன்றாக ஓடுகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் டி டிரைவைப் படிக்க மட்டும் விடும், சில நேரம் திறக்கவே மறுக்கும். பவர் ஆப்ஷன்ஸில் போய் அதை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எக்ஸ்ஃபேட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

இஎக்ஸ்டி4 டிரைவை விண்டோஸில் செருகும்போது இதைவிட ஆபத்து. விண்டோஸுக்கு அது புரியாது. 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று அமைதியாகக் கேட்கும். உள்ளே இருப்பது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஃபார்மட் பொத்தானை அழுத்தினால் போச்சு.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பென் டிரைவ் தனிக் கதை. பழைய டிவிகள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. 'பென் டிரைவ் காலியாக இருக்கிறது' என்று போன் வரும். அதனால் ஃபேட்32இல், ஒவ்வொரு கோப்பும் 4 ஜிபிக்குள் வருமாறு பிரித்துத்தான் கொடுக்கிறேன். 64 ஜிபி பென் டிரைவில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் என்றால் விண்டோஸ் பொதுவாக ஃபேட்32ஐக் காட்டாது, வேறு வழி தேட வேண்டும். சிலர் அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பாகச் சேர்த்துவைக்கப் பார்த்து, 50 ஜிபி காலி இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று வருகிறதே, போலி பென் டிரைவ் கொடுத்துவிட்டீர்களா என்று சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

கட்டுரையாளர் எக்ஸ்ஃபேட் பக்கம் நிற்பது அவர் விருப்பம். ஆனால் ஃபார்மட் செய்தால் அந்த டிரைவில் உள்ள அனைத்தும் அழியும், முதலில் வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை கட்டுரையில் எங்குமே இல்லை. தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்குமுன், வரும் ஞாயிறே அதே பக்கத்தில் அதைக் கட்டம் கட்டிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ எடிட்டர்,
கும்பகோணம்.