ராஜிக்கு, ஆபரேஷனுக்கு முன்னால்

மதுரை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்தது. தை பிறந்ததும் முட்டி ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டதைப் படித்து எனக்கு நிம்மதியாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இருக்கத்தான் செய்யும். ஆனால் இத்தனை வருஷமாக வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு நீ நடந்த நடையைப் பார்த்து எனக்கு வந்த பயம் அதைவிடப் பெரிது. உன் பேரன் காதுகுத்தில், நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மேசையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு சிரமப்பட்டாய்! அந்த மாத்திரைகளை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வயிறும் கிட்னியும் கெடும். வலிக்குப் பயந்து காலை நீட்டாமலேயே இருந்தால் முட்டி வளைந்தபடி இறுகிப்போகும். இனியும் தள்ளிப்போடாமல் சம்மதித்தாயே, அதுவே பெரிய காரியம்.

முட்டியையே வெட்டி எடுத்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு வலது முட்டி செய்வதற்கு முன்னால் நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன். அப்படி இல்லை. தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கணைக்கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்துபோன பகுதியைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுக்கிறார்கள். மேலே உள்ள எலும்புக்குக் கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையில் செய்த ஒரு மூடி. கீழே ஒரு உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில், தேய்ந்துபோன குருத்தெலும்பின் வேலையைச் செய்ய, கெட்டியான பாலிஎதிலீன் பிளாஸ்டிக். பக்கவாட்டுத் தசைநார்கள், தசை எல்லாம் நம்முடையவைதான். எத்தனை நாள் உழைக்கும் என்று அண்ணன் கேட்டாராமே, அவரிடம் சொல்: பத்தில் எட்டு மூட்டுகள் 25 வருஷம் தாங்குகின்றன என்று 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. நம் வயதுக்கு அது போதும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அதன்பின் நீ எப்படி நடக்கப்போகிறாய் என்பதைத் தீர்மானிப்பதில் பாதி, இப்போதிலிருந்து தை வரை நீ என்ன செய்கிறாய் என்பதில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் இது தோன்றாது. ஆஸ்பத்திரிக்குப் பை கட்டுவதைத்தான் ஏற்பாடு என்று நினைப்பார்கள்.

முதலில் தொடை. முட்டியை நீட்டிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து காலைப் பயன்படுத்தாமல் இருந்ததில் உனக்கு அது மெலிந்திருக்கும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதை முட்டியால் கீழே அழுத்து. ஐந்து எண்ணும்வரை பிடித்து, விடு. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்ற காலை வளைக்காமல் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி நிறுத்து. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே காலை மடக்கி நீட்டு. இதோடு கைக்கும் பயிற்சி வேண்டும். இதைப் பலர் சொல்வதே இல்லை. கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடிகளை அழுத்தி உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கி இறக்கு. வாக்கர் பிடித்து நடக்கும் முதல் நாட்களில் உன் பாரத்தைத் தாங்கப்போவது அந்தக் கைதான். எத்தனை தடவை செய்யலாம் என்று பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை நேரில் பார்த்துக் கேட்டுக்கொள். ஆபரேஷனுக்குப் பிறகும் இதே பயிற்சிகள்தான். இப்போதே பழகிவிட்டால் அந்த வலியிலும் உடம்பு தானாகச் செய்யும்.

அப்புறம் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை எவ்வளவு என்று நீ எழுதவில்லை. அது கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதப்படும், செயற்கை மூட்டில் கிருமி சேரும் அபாயமும் கூடும். கிருமி வந்துவிட்டால் மறுபடி திறக்க வேண்டிவரும். அதனால்தான் பல், சிறுநீர், தோல் எதிலும் சின்னத் தொற்றுகூட இருக்கக்கூடாது என்கிறார்கள். உன் சொத்தைப்பல்லை இந்த மாதமே பார்த்துவிடு. குதிகால் பித்தவெடிப்பையும் கால்விரல் இடுக்குப் புண்ணையும் அற்பம் என்று விடாதே. முட்டிக்குள் ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னாயே, அது எந்தத் தேதி என்று டாக்டரிடம் மறக்காமல் சொல். ஸ்டீராய்டு ஊசியாக இருந்தால் மூன்று மாதமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மயக்க டாக்டரிடம் காட்டு. எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்லட்டும், நீயாக எதையும் நிறுத்தாதே.

உங்கள் தென்காசி வீடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திண்ணை, உயரமான நிலைப்படி, முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் குளியலறை. அழகான வீடு, ஆனால் புது முட்டிக்கு அது சிரமம். முன் அறையிலேயே உனக்குக் கட்டில் போடச் சொல். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தச் சொல். உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்க வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை இனி ஆகாது. வெஸ்டர்ன் கமோடு வைக்க இப்போதே கொத்தனாரைக் கூப்பிடு. பக்கத்துச் சுவரில் உறுதியான கைப்பிடியும் பதிக்கச் சொல். துண்டு போடும் கம்பி போதாது, அது ஆளைத் தாங்காது. குளிக்க ரப்பர் கால் வைத்த ஸ்டூல் வேண்டும். மிதியடி, கயிற்றுப் பாய், தரையில் ஓடும் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடு. காபிப் பொடியும் பருப்பும் கைக்கு எட்டும் மேடைக்கு வரட்டும். அருவாமணையும் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதும் இத்தோடு போதும், ராஜி. வாசல் கோலத்தை மருமகளிடம் கொடுத்துவிடு. அது உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கொடுத்துவிடு.

வாக்கர் வாங்குவதா, நாலு கால் கைத்தடி போதுமா, சக்கரம் வைத்தது நல்லதா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறாய். ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்களுக்கு வாக்கர்தான். அடுத்த நாளே, சில ஆஸ்பத்திரிகளில் அன்றைக்கே, எழுப்பி நடக்க விடுகிறார்கள். அப்போது உடம்புக்கு முன்னாலும் இரண்டு பக்கமும் பிடிப்பு வேண்டும். கைத்தடி ஒரு பக்கம்தான் தாங்கும். உங்கள் வீட்டு நிலைப்படிக்கும் சிமெண்ட் தரைக்கும் சக்கரம் இல்லாத, மடக்கக்கூடிய அலுமினிய வாக்கர் நல்லது. வழவழப்பான டைல்ஸ் தரை உள்ள வீடாக இருந்து, தூக்கி வைக்கக் கையில் வலு இல்லாவிட்டால், முன் இரண்டு காலில் மட்டும் சக்கரம் உள்ளதைப் பரிசீலிக்கலாம். நாலு சக்கரமும் பிரேக்கும் உட்கார இருக்கையும் உள்ள வண்டியை உன் மகன் பெங்களூரிலிருந்து அனுப்புகிறேன் என்றானாமே, ஆசையாக வாங்கித் தருகிறான், ஆனால் இப்போது வேண்டாம். புதிதாக எழுந்து நிற்பவள் சாய்ந்தால் அது முன்னால் ஓடிவிடும். முட்டி ஆறிய பிறகு, வெளியே நடக்கப் போகும்போது அது உதவலாம்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு அளவு எடு. ஒன்று உன் அளவு. வீட்டில் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக நின்று கையைத் தொங்கவிடு. மணிக்கட்டில் உள்ள மடிப்புக்கு நேராக வாக்கரின் கைப்பிடி வர வேண்டும். பிடித்து நின்றால் முழங்கை லேசாக வளைந்திருக்கும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொண்டு கழுத்து வலிக்கும். குறைந்தால் கூன் போட்டு நடப்பாய், இடுப்பு வலி வரும். நான் இருந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் வாக்கரை நீட்டினார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டில் அம்மா குள்ளம், பாவம், தோளைத் தூக்கிக்கொண்டே நடந்தார். பிசியோ வந்து பொத்தானை அழுத்தி ஒவ்வொரு காலாக இறக்கிக் கொடுத்ததும்தான் அவர் முகம் தெளிந்தது. நாலு கால்களிலும் பொத்தான் ஒரே எண்ணிக்கைத் துளையில் விழுந்திருக்கிறதா என்று பார்.

இன்னொன்று வாசல் அளவு. கடையில் வாக்கரின் அகலத்தை டேப் வைத்து அளந்து, உன் குளியலறைக் கதவின் அகலத்தோடு ஒப்பிடு. நம் பழைய வீடுகளில் அந்தக் கதவு இரண்டடிதான் இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் வாக்கரோடு வந்து, கதவுக்குள் நுழைய முடியாமல், அதை வெளியே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து உள்ளே போய் வழுக்கினார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாங்கி, வீட்டுக்குள் நடந்து பழகு. முதலில் வாக்கர் முன்னே போகட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்த கால், கடைசியாக நல்ல கால். முன் கம்பியை வயிறு தொடும் அளவுக்கு உள்ளே போய்விடாதே, பின்னால் சாய்ந்துவிடுவாய். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக்கூடாது. நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்து நின்ற பிறகு வாக்கரைப் பிடி. கால்களுக்கு அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்றச் சொல். ஈரத் தரையில் உன்னைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன ரப்பர்தான். செல்போன் வைக்க முன் கம்பியில் லேசான துணிப்பை ஒன்று கட்டிக்கொள். தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவே கூடாது.

பிசியோ சரி என்ற பிறகு கைத்தடி. அதை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். உனக்கு இடது முட்டி, ஆகவே வலது கையில். சினிமாவில் எல்லாம் நொண்டும் கால் பக்கமே பிடித்துக் காட்டுவார்கள், அது தவறு. எதிர்க்கையில் பிடித்தால், வலிக்கும் கால் தரையில் ஊன்றும் அதே நேரத்தில் தடியும் ஊன்றும், பாரம் இரண்டுக்கும் பிரியும். உன் மாமனாரின் பழைய கருங்காலித் தடி அழகுதான், ஆனால் அது அவர் உயரத்துக்கு. அறுத்துச் சரிசெய்து கீழே ரப்பர் மாட்டாமல் அதைத் தொடாதே. பக்கத்து வீட்டார் கொடுத்த நாலு கால் தடி, நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட்டால்தான் பயன். வேகமாக நடந்தால் இரண்டு காலில் ஆடும். உயரம் மாற்றக்கூடிய, உள்ளங்கை முழுக்கப் பதியும் கைப்பிடி உள்ள ஒற்றைத் தடி உனக்குப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில்.

தடி பிடித்தால் ஊரார் கிழவி என்பார்களே என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. உன்னிடம் படித்த பிள்ளைகள் பாதி ஊர் இருக்கிறார்கள். தடியோடு தெருவில் நடந்து வரும் டீச்சரைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தான் வரும். தடியை வெட்கப்பட்டு ஒதுக்கிவிட்டு வீட்டுக்குள் கிடந்தால் ஆபரேஷன் செய்ததே வீண்.

செலவு பற்றி இரண்டு வார்த்தை. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிக்கு உச்சவிலை வைத்தது. அதுவரை லட்சத்தைத் தாண்டி விற்ற சாதாரணக் கோபால்ட் குரோமிய மூட்டு, ஜிஎஸ்டி தனியாக, 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அப்புறம் விலை திருத்தப்பட்டிருக்கும், அதனால் இப்போதைய விலை என்ன என்று ஆஸ்பத்திரியில் கேள். பில்லில் மூட்டின் பெயரும் விலையும் தனியாகக் காட்டச் சொல். மூட்டுப் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டி வாங்கிக்கொள், பின்னால் எப்போதாவது தேவைப்படும். ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையை இப்போதே கொண்டுபோய், எவ்வளவு தருவார்கள் என்று கேட்டு வை.

எனக்கு இடது முட்டியும் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பங்குனிக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறேன். வலது முட்டி நன்றாகவே இருக்கிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும், நடக்கும்போது சில நேரம் உள்ளே ‘டக்’ என்று சத்தம் கேட்கும். இரண்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை என்றார் டாக்டர். உனக்கும் இருந்தால் பதறாதே. ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, காயத்தில் சீழ் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னொன்று, படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்க ஆசை வரும், அவ்வளவு சுகமாக இருக்கும். வைக்காதே. முட்டி வளைந்தே நின்றுவிடும். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வை.

பழனிக்கு மறுபடி படியேறிப் போக முடியுமா என்று கேட்டாய். மெதுவாகப் படி ஏறலாம் என்றுதான் என் டாக்டர் சொன்னார். இருந்தாலும் 600-க்கு மேல் படி, இறங்குவது ஏறுவதைவிட முட்டிக்குக் கஷ்டம். விஞ்சில் போவோம். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டான். என் இடது காலும் தேறிய பிறகு சேர்ந்தே போகலாம்.

எங்கள் வீட்டுக்காரர் உன்னையும் அண்ணனையும் மிகவும் கேட்டார். உனக்கு ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்ததும் சில நாள் நான் தென்காசி வந்து உன்னோடு இருக்கிறேன், மருமகளுக்கும் ஒத்தாசையாக இருக்கும். அதற்குள் மணிக்கட்டு உயரத்தையும் குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்து எனக்கு எழுது. மதுரையில் நான் வாங்கிய கடையிலேயே வாக்கர் பார்த்து வைக்கிறேன், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

உன்
கோமு