வாடகைக் காரைத் துலக்கலாம், ஈயம் பூசலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓட்டுநர் இல்லாமல் நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்கள் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்திலும் இப்போது நன்றாகப் பழகிவிட்டன. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் மதுரையிலோ திருச்சியிலோ விமானம் விட்டு இறங்கி, அங்கேயே ஒரு காரை எடுத்துக்கொண்டு, கல்யாணம், சாந்தி எனும் அறுபதாம் கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று ஊருக்கு வந்து போகிறார்கள். அப்படி எடுத்த காரை எந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாத காரணத்தால் எங்கள் குடும்பம் இரண்டு முறை பணம் இழந்தது. அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

சென்ற ஆடியில் என் மகளும் மாப்பிள்ளையும் எடுத்து வந்த காரை, நான்கு நாள் ஓடிய கோலத்திலேயே திருப்பிக் கொடுத்தோம். மிதியடிகளில் மணல், இருக்கை இடுக்குகளில் விபூதி, வெளியே எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி. முன்பணத்திலிருந்து 1,200 ரூபாயைச் சுத்தம் செய்த கட்டணம் என்று பிடித்துக்கொண்டார்கள். மனம் கசந்தாலும், உள்ளே கிடந்த மணலும் விபூதியும் எங்களால் வந்தவையே என்பதால் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டோம்.

இந்தத் தை மாதம், பேரப்பிள்ளைகளுக்கு நகரத்தார்களின் குலக் கோயில்களான நகரக் கோயில்கள் ஒன்பதையும் காட்ட வேண்டும் என்று அதே நிறுவனத்தில் மறுபடியும் ஒரு கார் எடுத்தோம். இளையாத்தங்குடி தொடங்கிப் பிள்ளையார்பட்டி வரை இரண்டு நாள் சுற்றிவிட்டு, முன்பு பட்ட அனுபவத்தால் காரை மிகுந்த அக்கறையோடு சுத்தம் செய்தோம். உட்புறத்தை நானும் மகளும் பார்த்துக்கொண்டோம். வெளிப்புறத்தை ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டு, கழுவியதோடு நிற்காமல் பாலிஷும் போடச் சொன்னார் மாப்பிள்ளை. கார் புதுக் கார் போல மின்னியது. ஆனால் ஒப்படைத்த இடத்தில், வெயிலில் பானட்டைச் சாய்வாகப் பார்த்த பணியாளர், சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் விழுந்திருப்பதைக் காட்டி, "இதையெல்லாம் உங்களை யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். 4,000 ரூபாய் போயிற்று. முதல் முறை செய்யாததற்கு அபராதம் கட்டிய நாங்கள், இரண்டாம் முறை செய்ததற்கு அபராதம் கட்டினோம்.

வீட்டுக்கு வந்து ஆறஅமர யோசித்தபோது, நம் ஊர்க் கல்யாண வீடுகளில் இதற்கு ஒரு முறைமை எப்போதோ வகுக்கப்பட்டிருப்பது நினைவுக்கு வந்தது. அண்டாவும் குண்டாவும் தாம்பாளமும் வாடகைக்கு எடுத்தால், சீட்டில் எழுதி எண்ணி வாங்குகிறோம். வேலை முடிந்ததும் பிசுக்கில்லாமல் துலக்கி, எண்ணித் திருப்பிக் கொடுக்கிறோம். துலக்காமல் கொடுப்பவரை யாரும் மதிப்பதில்லை. அதே சமயம், இரவல் பாத்திரத்தை ஈயம் பூசித் திருப்பிக் கொடுப்பவரும் இல்லை. ஈயம் பூசுவதா, எப்போது பூசுவது, யாரிடம் பூசுவது என்பதெல்லாம் பாத்திரத்துக்கு உடையவர் முடிவு செய்ய வேண்டியவை. காரின் உட்புறத்தில் நாம் போட்ட குப்பையை எடுப்பது துலக்குவது. பாலிஷ், டீடெய்லிங் என்று இப்போது சொல்லப்படுபவை ஈயம் பூசுவது. இந்த வேறுபாட்டை மறந்ததுதான் நாங்கள் செய்த தவறு.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் என்பதால், ஏன் அப்படி என்பதையும் சொல்ல விரும்புகிறேன். காரின் நிறத்துக்கு மேலே தெளிவான பூச்சு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் கனம் 40 முதல் 50 மைக்ரான் வரைதான். ஒரு தலைமுடியின் கனத்தைத் தாண்டாது. வெயிலையும் மழையையும் தாங்கி உள்ளிருக்கும் நிறத்தைக் காப்பது அதுவே. பாலிஷ் போடும்போது கிடைக்கும் பளபளப்பு, அந்தப் பூச்சிலிருந்து ஒரு சிறு படலத்தைத் தேய்த்து எடுப்பதால் வருகிறது. சொந்தக்காரர் ஆண்டுக்கு ஒரு முறை கணக்காகச் செய்துகொள்ளலாம். வாரந்தோறும் கை மாறும் வாடகைக் காருக்கு எடுப்பவர் ஒவ்வொருவரும் பாலிஷ் போட்டால் அந்தப் பூச்சு எத்தனை நாள் நிற்கும்?

செம்மண் புழுதியிலும் கவனம் வேண்டும். அந்தப் புழுதியில் குவார்ட்சு மணல் துகள்கள் கலந்திருக்கின்றன; அவை கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் உள்ளவை. புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் 'ஒரு துடை' துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு ஒப்பானது. பானட்டில் வந்த வட்டக் கீறல்கள், புழுதியை முழுமையாக நீரால் கழுவி இறக்காமல் அழுக்குத் துணியால் தேய்த்ததாலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஆகவே வெளிப்புறத்தை அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். சாலைப் புழுதி என்பது காரை ஓட்டியதால் வருவது. அதைக் கழுவும் செலவு வாடகையிலேயே அடங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் விதிவிலக்கு. மரத்தடியில் நிறுத்திய காரில் விழும் பறவை எச்சம் காரத்தன்மையோ அமிலத்தன்மையோ கொண்டு பூச்சை அரித்துவிடும். வெயில் ஏற ஏற அரிப்பு விரைவுபடும். ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

உட்புறம் முழுக்க நம் பொறுப்பு. அங்கே கோயில் பயணக் கறைகள் தனி வகை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். விபூதி சிந்தினால் கை தானாக ஈரத் துணியைத் தேடும், அது தவறு. ஈரம் பட்ட விபூதி குழம்பாகி இழைகளுக்குள் இறங்கிவிடும். முதலில் மெல்லிய தூரிகையாலோ வேக்குவம் கிளீனராலோ உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். மாவுருண்டை உதிர்ந்தாலும் அதே வழிதான், ஆனால் அதில் நெய் இருப்பதால் பொடியை எடுத்த பின்னும் ஒரு பிசுக்கு நிற்கும். அதன் மேல் சிறிது அரிசி மாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டு எடுத்தால் நெய்யின் பெரும்பகுதி மாவோடு வந்துவிடும். பால் சிந்தினால் குளிர்ந்த நீரால் ஒற்ற வேண்டும், வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் இறுகித் துணியைப் பற்றிக்கொள்ளும். அதை அரைகுறையாக விட்டால், மூடிய காரில் மறுநாள் வரும் நாற்றத்தை எந்த வாசனைத் திரவியமும் மறைக்காது.

எல்லாவற்றிலும் தொல்லை தருவது புளியோதரையின் மஞ்சள் எண்ணெய்தான். பதறிப்போய்ச் சோப்புக் கட்டியைப் போட்டுத் தேய்த்தால், மஞ்சள் கறை கண்ணெதிரே சிவந்துபோகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிறோமே, அதே வினைதான் இருக்கையிலும் நடக்கிறது. சோப்பின் காரத்தன்மை சுண்ணாம்பின் வேலையைச் செய்துவிடுகிறது. எங்கள் பேரன் சிந்திய கறையை நாங்கள் எண்ணெயை முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, மென்மையான திரவச் சோப்பு ஒரு சொட்டை நிறைய நீரில் கலந்து ஒற்றினோம். மீதி இருந்த வெளிர் மஞ்சள், கதவைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் வெயில் காட்டியதில் பெரிதும் மங்கியது. மஞ்சளின் நிறப்பொருள் வெயிலுக்கு நிற்காது என்பதைக் மஞ்சள் தடவிய கோடிச் சேலையைக் காயப்போட்ட எல்லாப் பெண்களும் அறிவார்கள்.

எதைச் செய்தாலும் இருக்கைக்கு அடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பல கார்களில் முன் இருக்கைகளின் அடியில் மஞ்சள் நிற இணைப்பிகளோடு ஓடும் கம்பிகள், உயிர்காக்கும் காற்றுப்பைகளுக்கும் இருக்கைப் பட்டைகளுக்கும் உரியவை. டேஷ்போர்டுக்குப் பளபளப்பு எண்ணெய் பூசுவதும் வேண்டாம். அதன் மினுக்கம் முன்கண்ணாடியில் பிரதிபலித்து, எதிர்வெயிலில் ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் பட்டுவிட்டால் வழுக்கும். நமக்குப் பின் அந்தக் காரை ஓட்டப்போகிறவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

இனி நிறுவனங்களின் கடமைக்கு வருகிறேன். பாத்திரக் கடைக்காரர் கொடுக்கும் சீட்டைக் கூட, பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள காரைக் கொடுப்பவர்கள் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. உட்புறம் எந்த அளவு சுத்தமாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள், வெளியே கழுவ வேண்டுமா வேண்டாமா, எந்தக் கறைக்கு எவ்வளவு கட்டணம் என்பவை ஒரே தாளில் தமிழில் எழுதப்பட்டு, சாவி கைமாறும் முன் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் காரைச் சுற்றி இருவரும் சேர்ந்து நின்று காணொளி எடுக்க வேண்டும். இருக்கைத் துணியையும் டிக்கியையும் விட்டுவிடக் கூடாது. முன்பே இருந்த கறைக்கு நாம் பணம் கட்டுவதும், நாம் போட்ட கீறலை நிறுவனம் சுமப்பதும் இரண்டுமே அநியாயம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று வரையறுக்கிறது. ஆனால் எழுத்தில் எதுவுமே இல்லாதபோது எதைக் காட்டி வாதாடுவது? சாமானியர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தாலும், கையில் ரசீதும் படமும் இருந்தால்தான் பேச முடியும்.

முறையான அனுமதி பெற்ற செல்ஃப் டிரைவ் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எண் இருக்கும் என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வெள்ளைப் பலகை கொண்ட சொந்தக் காரைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுத்தால், கறைக்கும் கீறலுக்கும் மட்டுமல்ல, விபத்துக் காப்பீட்டுக்கும் சிக்கல் வரும்.

வைகாசியில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது. மாப்பிள்ளை மறுபடியும் கார் எடுக்கத்தான் வேண்டும். நான் மேலே சொன்னவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு படி எடுத்து, அந்த நிறுவனத்தின் கிளைக்குச் சென்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மேலாளர் வாங்கிப் படித்தார்; கட்டணப் பட்டியலைத் தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். கார்களை வாடகைக்கு விடும் வாசகர்கள் தங்கள் பக்கத்து நியாயத்தையும், திரும்பி வரும் கார்களில் தாங்கள் படும் பாட்டையும் உங்கள் இதழுக்கு எழுதினால், அந்தத் தாளைத் திருத்தி எழுத எனக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தேவகோட்டை.