பிள்ளை எத்தனையாம் பிள்ளை?

அன்புள்ள தோழிக்கு,

உன் மகளின் வகுப்பு டீச்சர் வீட்டாருக்கு எழுதிய கடிதத்தைப் படம் பிடித்து நீ கனடாவிலிருந்து செப்டெம்பரில் அனுப்பினாய், நான் தை மாதம் பதில் எழுதுகிறேன். திட்டாதே. அந்தக் கடிதத்தைப் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். வாசித்ததோடு நிற்கவில்லை, களவும் எடுத்தேன். இந்த வருஷம் எனக்குத் தரம் 7 தந்திருக்கிறார்கள், முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நானும் முதல் தடவையாக என் வகுப்பின் வீட்டாருக்கு ஒரு வரவேற்புக் கடிதம் எழுதினேன். அது பட்ட பாட்டைச் சொல்லத்தான் இது.

நம் திருகோணமலையில் ஏழாம் வகுப்பு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாததா. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது என்று பிள்ளையைவிடத் தாய்தான் அதிகம் படிக்கிறாள், டியூஷன் வாசலில் வெயிலில் காத்துக் கிடக்கிறாள். பத்தாம் வகுப்பு வந்ததும் ஓ.எல். பொதுப் பரீட்சை என்று திரும்பவும் விழித்துக்கொள்கிறார்கள். இடையில் ஆறிலிருந்து ஒன்பது வரை நாலு வருஷம் பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, ஒருவருக்கும் கவலையில்லை. ஆனால் குரல் உடைவதும், கணக்கு என்றால் பயம் பிடிப்பதும், சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியானதும் கரைவலை இழுக்கப் போகிறேன் என்று பொடியன்கள் காலையில் மெல்ல மறையத் தொடங்குவதும் அந்த நாலு வருஷத்தில்தான். பதினாறு வயதுவரை படிப்பு கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது, கரைவலைக்காரர் அதை வாசித்திருக்க மாட்டார்.

உங்கள் டீச்சரின் கடிதத்தில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா, சட்டதிட்டம் இல்லை. பாட நேரத்தில் போன் கூடாது என்பதெல்லாம் இங்கே பெரிய விஷயமே இல்லை, எங்கள் பிள்ளைகள் போனைப் பள்ளிக்கூட வாசலுக்கே கொண்டுவரக் கூடாது. ஒன்ராறியோவில் 2024 செப்டெம்பரில் ஏழாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்குப் பாட நேரத்தில் போன் கூடாது என்ற விதியை இறுக்கினார்கள் என்று நீ எழுதியபோது சிரிப்புத்தான் வந்தது. எனக்குப் பிடித்தது அந்த ரிப்போர்ட் விஷயம். பாடத்துக்கான புள்ளிக்குப் பக்கத்தில் பொறுப்பு, ஒழுங்கு, தனியாக வேலை செய்தல், சேர்ந்து வேலை செய்தல், தானாக முன்வருதல், தன்னைக் கட்டுப்படுத்தல் என்று ஆறு பழக்கத்துக்கும் தனித்தனியாக ஓர் எழுத்துப் போடுகிறார்களே, அது. இங்கே புள்ளி, மொத்தம், சராசரி, வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற நிலை, அவ்வளவுதான். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய உடனே பக்கத்து வீட்டு மாமி கேட்கும் ஒரே கேள்வி, "பிள்ளை எத்தனையாம் பிள்ளை?" முப்பத்தொன்பதாம் பிள்ளை என்று சொல்லிவிட்டு நீ அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் நாற்பதாம் பிள்ளை, அழக்கூட இல்லை.

சரி, என் கடிதம். முதல் தடவை எழுதியதில் பதினாலு விதி வந்துவிட்டது, ஒவ்வொன்றும் "வேண்டும்" என்று முடிகிறது. பிள்ளை 7.30 மணிக்கு முன் வர வேண்டும், பன்னிரண்டு பாடத்துக்கும் கொப்பி வேண்டும், வீட்டுவேலைக் கொப்பியில் பெற்றோர் தினமும் கையெழுத்திட வேண்டும். பிரதி அதிபர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "டீச்சர், இது கடிதமா, சுற்றுநிருபமா?" என்றார். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து திரும்ப வாசித்தால் அவர் சொன்னது சரி.

கொப்பியைப் பார். பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, கொப்பியும் பையும் பெரும்பாலும் நாம்தான் வாங்க வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்குவது தை மாதம். வாடைக்காற்று இன்னும் ஓயவில்லை, கடலுக்குப் போகிறவன் பாதி நாள் கரையில்தான் நிற்கிறான், கையில் காசில்லாத மாதம் அது. அந்த மாதத்தில் பன்னிரண்டு கொப்பியையும் முதல் நாளே கொண்டு வா என்று எழுத எனக்கு என்ன துணிவு! "முதலில் நாலு கொப்பி போதும், ஒன்றை இரண்டாகப் பிரித்து இரண்டு பாடத்துக்கு எழுதலாம், மிச்சம் மாசிக்குள் வாங்குங்கள்" என்று மாற்றினேன்.

கையெழுத்துக் கதை இன்னும் மோசம். போன வருஷம் ஒரு பொடியன் தாயின் கையெழுத்தைத் தானே போட்டு வந்தான், அதுவும் அழகாக. விசாரித்தால் தாய் குவைத்தில், தகப்பன் இரவுக் கடலில், வீட்டில் இருப்பது அம்மம்மா, அவருக்கு எழுத வராது. களவுக் கையெழுத்து என்று நான் அவனை வகுப்பில் எழுப்பிவிட்டது இப்போதும் உறுத்துகிறது. இந்த முறை அந்த விதியை எடுத்துவிட்டேன். பதிலுக்கு, "இரவில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்களுக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும்" என்று எழுதினேன்.

பிந்தி வருவதற்கு ஒன்று எழுதினேன்: பிந்தினாலும் அனுப்புங்கள். மழை நாளில் 7.30 தாண்டினால் வாசலில் நிற்க வேண்டுமே என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பாடம் போனால் போகட்டும், ஒரு நாள் போக வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. உங்கள் டீச்சர் நிலக்கடலை கொண்டுவர வேண்டாம், சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை என்று எழுதியிருந்தார். நான் மானுக்காக எழுதினேன்! நம் ஊர் மான்கள் இப்போது கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, பஸ் நிலையம், கடற்கரை என்று மாடு மாதிரி அலைகின்றன, குப்பையில் கிடக்கும் சாப்பாட்டோடு பொலித்தீனையும் விழுங்கிவிடுகின்றன. ஆகவே சோற்றை லஞ்ச் சீட் என்ற பொலித்தீன் தாளில் சுற்றாமல் பெட்டியில் தாருங்கள் என்று ஒரு வரி. பிள்ளைகளுக்கு முழுக் கடிதத்திலும் பிடித்தது அந்த ஒரு வரிதான்.

கடிதத்தை வாசித்துக் காட்ட வீட்டாரைக் கூப்பிட்ட கூட்டத்துக்கு முப்பத்தெட்டில் இருபத்தொன்பது வீட்டிலிருந்து வந்தார்கள். அதில் பதினொரு பேர் அம்மம்மா அல்லது அப்பம்மா. கடிதத்தின் தலைப்பில் "அன்புள்ள பெற்றோருக்கு" என்று போட்டிருந்தேன், அவர்களைப் பார்த்ததும் கூசிப்போனது. வாசித்துக் காட்டும்போது "அன்புள்ள வீட்டாருக்கு" என்று மாற்றி வாசித்தேன். ஒருவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். வாங்கோ அம்மா என்றால், "இவன் என்ன செய்தவன் டீச்சர்?" என்கிறார். ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். நம்பவே இல்லை, கூட்டம் முழுக்கச் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி இருந்தார். எல்லோரும் போனபிறகு கிட்ட வந்து, "இப்ப சொல்லுங்கோ, என்ன செய்தவன்?" என்று திரும்பவும் கேட்டார்.

யோசித்துப் பார், உன் அப்பா நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஒரே ஒரு தடவை, கோணேசர் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நாம் அந்தக் கோயில் இருக்கும் சுவாமி மலையில் மதியம்வரை இருந்த அன்று. என் அம்மா வந்ததும் அன்றுதான். குற்றம் நடந்தால்தான் வீட்டாரைக் கூப்பிடுவது என்று எப்போதோ பழக்கிவிட்டோம். அந்த அம்மாவிடம் நான், உங்கள் பேரன் வகுப்பில் நன்றாகக் கதை சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள் என்றேன். "வீட்டில் வாயே திறக்கிறானில்லை, இங்கயா?" என்று அப்படி ஒரு ஆச்சரியம். அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. இப்போது வாரத்துக்கு மூன்று வீட்டுக்குப் போன் எடுத்து, பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் சொல்கிறேன். பாதிப் பேர் "ஹலோ" சொல்லும்போதே நடுங்குகிறார்கள். பழகட்டும்.

வாசிக்க வராதவர்களுக்காகக் கடிதத்தை வாசித்துக் குரல் பதிவாக வட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் பதில் யாரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? நான் சொன்னேனே, அந்தக் குவைத் தாயிடமிருந்து, அவருடைய சின்ன மகன் இந்த வருஷம் என்னிடம். இரவு ஒரு மணிக்கு வந்திருக்கிறது: "டீச்சர், மகன்ட கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்புவீங்களா, பார்த்து மூணு வருஷம்." அனுப்பினேன். எழுத்துக் கோழி கிளறியது மாதிரி, அதையும் அப்படியே.

வராத ஒன்பது வீடு மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருக்கடலூர்ப் பக்கம் இரண்டு வீட்டுக்குப் போகிறேன், பிள்ளைகளிடம் முன்பே சொல்லவில்லை, சொன்னால் வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். உன் மகளிடம் ஒன்று கேட்டுச் சொல், அந்தக் கடிதத்தை அவளும் வாசித்தாளா, இல்லை டீச்சருக்கும் அம்மாவுக்கும் இடையிலான விஷயம் என்று விட்டுவிட்டாளா? என் வகுப்பில் அதையும் செய்து பார்க்கலாம் என்று ஒரு யோசனை.

ஆடியில் வருவதாகச் சொன்னது உண்மைதானே? வந்தால் என் வகுப்பில் ஒரு பாட நேரம் உனக்கு, இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

உன்,
நாற்பதாம் பிள்ளை