ஆம்ப்பின் முதுகைப் பார்

அன்புள்ள கண்ணா,

உன் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துக் கேட்க நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டு வயர்லெஸ் ஹெட்ஃபோன் படங்களையும் பார்த்தேன். "எதும்மா நல்லா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, அதன் முதுகில் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று பார்த்தாயா?

நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ வெளியூர் போன பிறகு நடந்தது. புது ஆம்ப்பின் முகப்பில் ப்ளூடூத் என்று போட்டிருந்ததை நம்பி ஒரு ப்ளூடூத் ஹெட்ஃபோனை வாங்கிவிட்டேன். ராத்திரி இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியும் இரண்டும் சேரவில்லை. அப்பா தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்த்து, "ரெண்டுக்கும் சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கையேட்டைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது. ஆம்ப்பில் இருந்தது ரிசீவர் மட்டும். போனிலிருந்து பாட்டை வாங்கிக்கொள்ளும், தானாக எதையும் அனுப்பாது. ஹெட்ஃபோனும் வாங்கிக்கொள்ளும் ரகம்தான். இரண்டுக்கும் காது உண்டு, வாய் கிடையாது. அப்புறம் எங்கே பேசுவது?

உன் ஆம்ப்பும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதனால் பாட்டை ஹெட்ஃபோனுக்கு அனுப்பிவைக்கத் தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வேண்டும். அதை எங்கே செருகுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பின்னால் 'டேப் அவுட்' அல்லது 'ரெக் அவுட்' என்று ஒரு ஜோடித் துளை இருந்தால் நீ அதிர்ஷ்டசாலி. வால்யூம் குமிழுக்கு முன்பே சிக்னல் அங்கே பிரிந்துவிடும். குமிழைச் சுத்தமாகக் குறைத்துவிடு. ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும், ஹெட்ஃபோனில் பாட்டு ஓடும். பாப்பா தூங்கும் வீட்டுக்கு இதைவிட வசதி கிடையாது. 'ப்ரீ அவுட்' அப்படியல்ல, பொதுவாகக் குமிழோடு ஏறி இறங்கும், ஸ்பீக்கரும் கூடவே பாடும். முன்பக்கத்து ஹெட்ஃபோன் துளையிலும் மாட்டலாம். ஆனால் ஆம்ப்பில் ஒரு வால்யூம், ஹெட்ஃபோனில் ஒரு வால்யூம் என்று இரண்டையும் திருகிக்கொண்டே இருக்கவேண்டும்.

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளிலிருந்து நேரே டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுத்துவிடாதே. இசைத்தட்டில் பேஸ் என்கிற கனத்த ஒலியைக் குறைத்தும் ட்ரெபிள் என்கிற கீச்சு ஒலியைக் கூட்டியும்தான் வெட்டியிருப்பார்கள். அதை நேராக்குவது ஃபோனோ ஸ்டேஜ் என்கிற சர்க்யூட். அது இல்லாமல் கேட்டால் தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் இருக்கும். ஆம்ப்பிலேயே ஃபோனோ துளை இருந்தால், டேப் அவுட்டுக்கு வருவது நேரான ஒலிதான்.

இன்னொன்று, கேட்டால் உனக்கு வருத்தமாக இருக்கும். ஆசை ஆசையாக வாங்கினாயே ஆம்ப், அதன் பவர் பகுதிக்கு இதில் வேலையே இல்லை. வயர்லெஸ் ஹெட்ஃபோனுக்குள்ளேயே டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் டாக்கும் (DAC) குட்டி ஆம்ப்பும் உட்கார்ந்திருக்கின்றன. ஹெட்ஃபோனின் மின்தடை 32 ஓமா 250 ஓமா என்று கேட்டிருந்தாயே, அது வயர் ஹெட்ஃபோன்காரர்கள் கவலை. நீ விட்டுவிடு.

ப்ளூடூத்தில் அனுப்பப் பாட்டைச் சுருக்கும் முறையான கோடெக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அப்பா பிள்ளைதான். சிடியில் வினாடிக்கு 1411 கிலோபிட். எல்லா ப்ளூடூத் ஹெட்ஃபோனிலும் இருக்கும் எஸ்பிசி (SBC) கோடெக் வழக்கமாக 328 வரை. எல்டாக் (LDAC) கோடெக் 990 வரை. ஆனால் டிரான்ஸ்மிட்டர், ஹெட்ஃபோன் இரண்டிலும் எல்டாக் இருந்தால்தான் அந்த 990-க்கு அர்த்தம். ராத்திரியில் மெல்லிய சத்தத்தில் இந்த வித்தியாசத்தை என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடிக் கம்பிக்கும் காது மெத்தைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் பேஸ் ஓடிப்போவது மட்டும் உடனே தெரிகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மாட்டிப் பார்.

நான் இப்போது வைத்திருப்பது ப்ளூடூத் அல்ல. சொந்த ஸ்டாண்டோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரகம். ஸ்டாண்டே டிரான்ஸ்மிட்டர், அதன்மேல் மாட்டி வைத்தால் சார்ஜும் ஏறிவிடும். டிவி பார்த்தாலும் உதடும் பேச்சும் பிசகுவதில்லை. சாதாரண ப்ளூடூத்தில் கண்ணுக்குத் தெரியுமளவுக்குப் பிந்தும். குறை, ஸ்டாண்டு போனால் ஹெட்ஃபோனும் போச்சு. வைஃபை ரௌட்டருக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது, அதுவும் அதே அலைவரிசையில் பேசும். சில மாடல்களில் சாதாரண ரீசார்ஜ் செல்லையே போட்டு மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் பிடித்தது. பேட்டரி செத்ததென்று நல்ல ஹெட்ஃபோனைத் தூக்கிப் போட மனசு வராது.

நீ அனுப்பிய இரண்டில் முதலாவது சுற்றுச் சத்தத்தை அடக்கும் ரகம். விமானத்துக்குச் சரி. உன் வீட்டில் அது அடக்கப்போவது பாப்பாவின் அழுகையை. மருமகளிடம் திட்டு வாங்குவாய். ஹாலில் தனியாகக் கேட்பதானால் காதுக் கிண்ணத்தின் பின்பக்கம் திறந்த ரகமாகப் பார். ஒலி தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே நிற்கும், அழுகையும் காதில் விழும். கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பதானால் அது வேண்டாம், பாட்டு பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும்.

ஆம்ப்பின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. தூசியைத் துடைத்துவிட்டு எடு, எழுத்து தெரியட்டும். அதுவரைக்கும் எதையும் ஆர்டர் போட்டுவிடாதே.

அம்மா