படிப்பு நின்றவர்களையும் சந்திப்புக்கு அழைக்க, பள்ளியின் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
முன்னாள் மாணவர் சந்திப்புக் குழு,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.
(பள்ளியின் பெயரும் எங்கள் கையொப்பங்களும் இணைப்புத் தாளில் உள்ளன.)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், வேலூர்.

பொருள்: அரசு மேல்நிலைப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைத் தலைமையாசிரியர் முன்னிலையில் பார்வையிடவும், அவற்றைப் படமெடுத்துப் பள்ளிக்கே ஒப்படைக்கவும் அனுமதி கோருதல்; இடிக்க உள்ள ஓட்டுக் கட்டடத்தின் கல்வெட்டைக் காக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைகாசி முதல் நாள் நடக்கும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா தாங்கள் அறிந்ததே. பெங்களூரு, சென்னை, திருப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் சிரசுக்கு வந்துவிடுவார்கள். அதனால்தான் திருவிழாவை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளியில் முன்னாள் மாணவர் சந்திப்பை வைத்திருக்கிறோம். அது கோடை விடுமுறை, வகுப்புகளுக்கு இடைஞ்சல் இல்லை. பந்தல், சாப்பாடு, குடிநீர், மறுநாள் துப்புரவு எல்லாம் எங்கள் செலவு. கட்சிக் கொடியும் யாருடைய முகம் போட்ட ஃப்ளெக்ஸும் இருக்காது. மைதானத்துக்கான விண்ணப்பத்தை முறைப்படி பள்ளியில் கொடுத்துவிட்டோம். தங்களிடம் வந்திருப்பது வேறொரு காரியத்துக்காக.

எல்லா ஊரையும் போல எங்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. சந்திப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்று அதில் கணக்கெடுத்தபோதுதான் உறைத்தது: குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் பழைய பதினொன்றாம் வகுப்பையோ, பத்தாவதையோ, பிளஸ் டூவையோ முடித்தவர்கள். எங்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்து, ஏழாவதிலும் எட்டாவதிலும் நின்றுபோனவர்கள் ஒருவர்கூட இல்லை. பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். குரூப் போட்டோ எடுப்பது கடைசி வகுப்பில் என்பதால் இவர்கள் எந்தப் படத்திலும் இல்லை. ஒன்றாகப் படித்தவர்களைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பாஸானவர்களை மட்டும் கூப்பிடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

அவர்களுடைய பெயர்கள் மிச்சமிருப்பது பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில்தான். எங்கள் நண்பர் ஒருவர் சான்றிதழ் விஷயமாகப் போனபோது, அவருடைய பெயரைத் தேடுவதற்காக ஒரு பழைய பதிவேட்டைத் திறந்திருக்கிறார்கள். நீள அகலமான நோட்டு, தைத்த முதுகு பிரிந்து நூல் தொங்குகிறது. சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், தெரு, தொழில், பிறந்த தேதி என்று கட்டங்கள். தொழில் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக நெசவு, நெசவு, பீடி, கூலி, நெசவு, தீப்பெட்டி. (பிறந்த தேதிக் கட்டத்தை ரொம்பவும் நம்ப வேண்டாம். பாதி வகுப்பு ஜூன் மாதத்தில் பிறந்திருக்கும். சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி அது.) கடைசிக் கட்டத்தில் பள்ளியை விட்டு நீங்கிய தேதியும் காரணமும். பல பெயர்களுக்கு எதிரே ஒரே காரணம்தான்: நீண்ட நாள் வராமை. எந்த வீட்டில் தறிக்குக் கை குறைந்தது, எந்தப் பெண்ணை வயதுக்கு வந்ததும் நிறுத்தினார்கள், யாருடைய அப்பா இறந்துபோனார் என்பதெல்லாம் பதிவேட்டில் வராது. பரவாயில்லை. பெயரும் தெருவும் கிடைத்தால் போதும், மற்றதை நாங்கள் வீடு வீடாக விசாரித்துக்கொள்வோம்.

பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டோம். மேலிடத்து உத்தரவு இல்லாமல் வெளியாட்களிடம் காட்ட முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. அது நிரந்தரப் பதிவேடு. காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். அதனால்தான் உத்தரவு கேட்டு இந்த மனு.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. இப்போது படிக்கும் பிள்ளைகளின் விவரம் முழுக்கப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் இருக்கிறது. பழையவர்களுக்கு இருப்பது காகிதம் மட்டும். அந்தக் காகிதமும் ஓடு விலகி ஒழுகும் அறையில், தகர பீரோவில் கிடக்கிறது. அடித்தட்டில் இருந்த சில நோட்டுகளைக் கரையான் தொட்டுவிட்டது. டி.சி. தொலைந்த எழுபது வயதுக்காரர் பாஸ்போர்ட்டுக்கோ ஓய்வூதியத்துக்கோ வயதுச் சான்று கேட்டு வந்தால், அவருக்கு இந்தப் பதிவேட்டை விட்டால் வேறு கதியில்லை.

பள்ளியின் வரலாறு என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருப்பதும் இவைதான். ஊரில் பெரியவர்கள் இன்றும் போர்டு ஸ்கூல் என்றுதான் சொல்கிறார்கள். ஜில்லா போர்டு தொடங்கிய பள்ளி. போர்டு பள்ளிகளை 1970-ல் அரசு ஏற்றுக்கொண்டபோது அரசுப் பள்ளியாயிற்று. 1978-ல் பிளஸ் டூ வந்த பிறகு மேல்நிலைப் பள்ளி. வட ஆற்காடு மாவட்டத்தை 1989-ல் பிரித்தபோது எங்கள் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. அப்பா, மகன், பேத்தி மூவருடைய டி.சி.யிலும் மூன்று மாவட்டப் பெயர் இருக்கும்; குடும்பம் ஒரே தெருவில்தான் இருக்கிறது.

குடியாத்தத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1953-ல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பனுடைய தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார்கள். தறி இருக்கும் ஊர்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1954-ல் முதலமைச்சரான காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு இடைத்தேர்தலில் நின்று அவர் சட்டமன்றத்துக்குப் போனது எங்கள் குடியாத்தம் தொகுதியிலிருந்துதான். மதிய உணவும், ஊர் மக்களே பள்ளிக்குப் பொருள் கொடுக்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அவர் காலத்தில் வந்தவை. அந்தத் தலைமுறையில் தறியிலிருந்து எழுந்து பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் திரும்பித் தறிக்கே போனார்கள் என்பதற்குக் கணக்கு வேண்டுமென்றால் அந்த பீரோவில்தான் தேட வேண்டும்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். பொதுத் தேர்வுகள் முடிந்ததும், தலைமையாசிரியர் குறிக்கும் நாட்களில், அவர் நியமிக்கும் ஆசிரியர் ஒருவரின் முன்னிலையில், எங்களில் இருவர் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி தர வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், தெரு, படித்த ஆண்டு தவிர வேறெதையும் குறிக்க மாட்டோம். சாதி, மதிப்பெண், பிறந்த தேதி எங்களுக்குத் தேவையில்லை. எழுதியதை ஆசிரியர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வெளியே எடுத்துச் செல்வோம், வாட்ஸ்அப்பில் போட மாட்டோம். யாராவது தன்னைத் தேட வேண்டாம், படிப்பு நின்றது வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றால் அந்தப் பெயரை அப்போதே அடித்துவிடுவோம்.

அதோடு, பதிவேடுகளைப் பள்ளியிலேயே வைத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு பிரதியைப் பள்ளிக்கும் இன்னொன்றை முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கும் தர அனுமதிக்க வேண்டும். எங்களுக்குப் பிரதி வேண்டாம். ஸ்கேனர், ஆள் கூலி, புது இரும்பு பீரோ எல்லாவற்றையும் நாங்கள் ஏற்கிறோம். பணத்தை யார் கையிலும் கொடுக்காமல், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தருவதற்கான ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறோம்.

கடைசியாக அந்த ஓட்டுக் கட்டடம். அதை இடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர்கள் மூவர் இறந்த பிறகு, ஆபத்தான கட்டடத்தைப் பழைய நினைவுக்காக விட்டுவைக்கச் சொல்லும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. பொறியாளர் இடிக்கச் சொன்னால் இடிக்கட்டும். ஆனால் நுழைவாயில் சுவரில் திறப்புவிழாக் கல்வெட்டு ஒன்று பல பூச்சு சுண்ணாம்புக்கு அடியில் இருக்கிறது. இடிபாட்டோடு ஏலத்தில் போய்விடாமல், அதை முன்கூட்டியே பெயர்த்துப் புதுக் கட்டடத்தில் பதிக்க ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் உத்தரவிட வேண்டும். அந்தக் கல்லைச் சுரண்டிப் பார்க்கும் வரை பள்ளிக்கு எத்தனை வயது என்று எங்கள் குழுவுக்குள் சண்டை ஓயாது. அழைப்பிதழில் எத்தனையாவது ஆண்டு என்று போடாமலே அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம்.

நின்றுபோனவர்களைத் தேடிப் பிடித்து அழைக்கக் குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும். எனவே ஏப்ரல் முடிவதற்குள் தலைமையாசிரியருக்கு உரிய உத்தரவு கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் மாணவர் சந்திப்புக் குழுவினர்

இடம்: குடியாத்தம்

இணைப்பு: பள்ளியின் பெயரும் கையொப்பங்களும் உள்ள தாள், மைதானத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், கல்வெட்டு இருக்கும் சுவரின் புகைப்படம்.