படித்துறையைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் ஊர் நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் நகர்மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தாமிரபரணிப் படித்துறை ஓரம் விழும் சாக்கடையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மனுக்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. நான்காவதை ஊரே படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

போன தையில் சிறுவீட்டுப் பொங்கலன்று நடந்ததை மட்டும் கேளுங்கள். என் பேத்திக்கு ஒன்பது வயது. மார்கழி முழுவதும் பனியில் எழுந்து, கோலத்தின் நடுவே சாணி பிடித்து வைத்துப் பூசணிப்பூவைச் செருகினாள். வெயில் ஏறியதும் பூவோடு சேர்த்தே எருவாகத் தட்டிக் காயவைத்தாள். காய்ந்த எருவில் அந்தப் பூ மஞ்சள் போய்ப் பழுப்பேறி, நரம்பு தெரிய ஒட்டிக் கிடக்கும். தை பிறந்ததும் முற்றத்தில் மண்ணால் கட்டிய சிறுவீட்டின் முன் பொங்கலிட்டு, அந்தப் பொங்கலையும் பூவெருவையும் வாழையிலையில் வைத்து ஆற்றில் விடுவது எங்கள் நெல்லைச் சீமைப் பெண்பிள்ளைகளின் வழக்கம்.

ஏழெட்டுப் பிள்ளைகள் இலையும் கையுமாகக் கடைசிப் படிக்கு இறங்கினார்கள். கால் வைத்த இடமெல்லாம் கறுப்புச் சேறு. தண்ணீரில் நுரையும் பாலிதீன் பைகளும். என் பேத்தி இலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இதிலா விட வேண்டும், ஆச்சி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு மாதம் சேர்த்த எருவை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து முருங்கை மூட்டில் வைத்தோம். அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்தச் சாக்கடையைப் படித்துறையிலிருந்து திருப்பிவிடுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

"பிள்ளைகள் விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்றார் உங்கள் அலுவலர் ஒருவர். 'தைஇத் திங்கள் தண்கயம் படியும்' குறுமகளை, அதாவது தை மாதம் குளிர்ந்த குளத்தில் நீராடும் இளம்பெண்ணை, சங்க நூலான நற்றிணையின் 80ஆம் பாட்டில் பார்க்கலாம். முன்பனியில் பெண்கள் நீரைத் தேடிப் போவது அவ்வளவு பழையது. இதற்குக் கோபுரம் இல்லை, பூசாரி இல்லை, உண்டியலும் இல்லை. ஆறுதான் தெய்வம். தெய்வத்தின் தலையில் கழிவைக் கொட்டிவிட்டு விளையாட்டு என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

கரைச் சுவரில் பொங்கல் ஓவியம் தீட்டப் பணம் இருந்தது. குழாய் பதிக்க நிதி இல்லை என்கிறீர்கள். குப்பை அள்ள ஆள் இல்லை, கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் இல்லை, எதைக் கேட்டாலும் 'மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்' என்ற ஒரே பதில். வரி ரசீது மட்டும் நாள் தவறாமல் வாசலுக்கு வருகிறது.

ஆற்றாமையில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் என் பேத்தி ஊன்றிய பூசணி விதை இப்போது கொடியாகிக் கூரையேறிவிட்டது. மார்கழிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவள் மறுபடி இலையோடு படியிறங்குவதற்குள் சாக்கடையைத் திருப்பிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படித்துறைத் தெரு ஆச்சி ஒருத்தி